விற்றமின் சி: ஒலுவில் கரையோர உணவில் பழமும் மரக்கறியும்

மனித உடல் தானாக உற்பத்தி செய்ய முடியாத சத்து விற்றமின் சி. இதன் வேதியியற் பெயர் அஸ்கோர்பிக் அமிலம். நீரில் கரைவதால் மிகுதி சிறுநீரோடு வெளியேறிவிடும். நெடுநாளுக்குச் சேமிக்க வழியில்லை. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பழமும் மரக்கறியுமாக நாளுக்கு 400 கிராமாவது உண்ணவேண்டும் என்றும் அது கூறுகிறது. இலங்கையில் வளர்ந்தவர்களில் பெரும்பாலானோர் இந்த அளவை எட்டுவதில்லை.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று எனத் தொடரும் அம்பாறைக் கரையோரத்தில் கிழக்கே கடல், மேற்கே நெல்வயல். சோறும் மீனும் குறைவில்லாமல் கிடைக்கின்றன. ஆனால் சோற்றில் விற்றமின் சி கிடையாது. சமைத்த மீனிலும் இல்லையென்றே சொல்லலாம். ஆகவே மீன் ஆணத்தின் பக்கத்தில் என்ன வைக்கிறோம் என்பதே இங்கு முக்கியம்.

இச்சத்து அடியோடு கிடைக்காவிட்டால் ஒன்று முதல் மூன்று மாதங்களில் ஸ்கர்வி நோய் தலைகாட்டும்: ஈறில் இரத்தம் கசியும், ஆறாத புண் வரும், உடல் சோரும். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் தோடம்பழமும் எலுமிச்சையும் கொடுத்து மாலுமிகளைத் தேற்றினார். 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தை நாடிய பலநாட் படகுகளின் கடற்பயணம் அவ்வளவு நீண்டதல்ல. கரையில் இருக்கும் நாட்களிலும் மரக்கறியைத் தொடாதவருக்குத்தான் குறைபாடு நேர வாய்ப்பு. புகைப்பவருக்குத் தேவை இன்னும் கூடுதல்.

விலை கூடிய இறக்குமதித் தோடம்பழத்தைத் தேடவேண்டியதில்லை. 100 கிராம் தோடம்பழத்தில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் என்றால், கொய்யாவில் 200க்கும் மேல். பப்பாசியும் தோடைக்குக் குறைந்ததல்ல. முருங்கை இலையும் பாகற்காயும் நல்லவை. ஆனால் கொதியும் நீரும் சத்தைக் கரைத்துவிடும். நறுக்கியபின் கழுவுவதும், அவித்த நீரை வடித்து ஊற்றுவதும் பெரும் இழப்பு. இந்த வகையில் வல்லாரைச் சம்பல் சிறந்த உணவு. இலையைக் கழுவி, பிறகு நறுக்கி, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்துத் தேசிக்காய் பிழிந்து உடனே உண்பதால் அடுப்பின் சூடே படுவதில்லை. சொதியை இறக்கியபின் தேசிக்காய் பிழியும் வழக்கமும் அதே காரணத்தால் நல்லது.

கீரை, பருப்பு, சோறு ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவும் இவ்விற்றமின் உதவுகிறது. சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேயிலை அதற்கு நேர்மாறு. இரத்தசோகையுள்ள பெண்கள் தேநீரைச் சற்றுத் தள்ளிவைப்பது நலம். நோன்பு திறக்கும் பேரீச்சம்பழம் காய்ந்தது என்பதால் அதில் விற்றமின் சி மிகச் சொற்பம். கஞ்சியோடு பப்பாசித் துண்டோ கொய்யாவோ சேர்ந்தால் அன்றைய தேவை நிறைந்துவிடும்.