குண்டூர் நாட்டுப் பள்ளிகளின் ஆண்டு நிதி நிர்வாகம்

குண்டூர் நாட்டுப் பள்ளிகளின் ஆண்டு நிதி நிர்வாகம் என்பது, நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த குண்டூர் நாடு ஊராட்சியிலும் அதனையொத்த மலை ஊராட்சிகளிலும் அரசுப் பள்ளிகளுக்குரிய பணம் எங்கே மதிப்பிடப்படுகிறது, யார் வழியாக வந்து சேர்கிறது, எதற்காகச் செலவாகிறது, யாரிடம் கணக்குக் காட்டப்படுகிறது என்பவற்றைக் குறிக்கும். அமெரிக்காவின் சிற்றூர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட கல்வி வாரியம் ஒன்று சொத்துவரி விதித்து, அவ்வருவாயைக் கொண்டு தன் பள்ளிகளுக்கான ஆண்டு வரவு செலவுத் திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. தமிழ்நாட்டில் கல்வி மாவட்டம் என்று வழங்குவது அத்தகைய வரிவிதிப்பு அதிகாரம் உடைய அமைப்பன்று. அது பள்ளிக் கல்வித் துறையின் நிர்வாகப் பிரிவு மட்டுமே. ஆகவே குண்டூர் நாட்டுப் பள்ளிகளின் நிதி பெரும்பாலும் சென்னையிலும் ஓரளவு புது தில்லியிலும் முடிவாகி, நாமக்கல் வழியாகவும் ஒன்றியத் தலைமையிடமான செம்மேடு வழியாகவும் மலையேறி வருகிறது.

கொல்லிமலை ஊராட்சி ஒன்றியம் 14 ஊராட்சிகளைக் கொண்டது. இவற்றுள் பெரும்பாலானவை வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என ‘நாடு’ என்னும் ஈற்றைப் பெற்றிருப்பதற்குக் காரணம், மலையாளி என்னும் பழங்குடியினர் தம் ஊர்களை நாடுகளாகப் பகுத்து, ஊர்க்கவுண்டர் முதலிய தலைமைகளின்கீழ் ஒழுங்குபடுத்திக்கொண்ட பழைய வழக்கமே. பட்டியல் பழங்குடியினரான இவர்கள் சாமை, கேழ்வரகு, மரவள்ளி, மிளகு, காப்பி ஆகியவற்றைப் பயிரிடுகின்றனர். குடியிருப்புகள் சரிவுகளில் சிதறிக் கிடப்பதால் பள்ளிகளும் சிறியனவாகவே அமைகின்றன. ஒவ்வொரு நிதிவிதியும் மாணவர் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டிருக்கும் இன்றைய முறையில், இச்சிறுமையே இப்பகுதிப் பள்ளிகளின் வரவைத் தீர்மானிக்கும் முதற்காரணமாகும்.

தொடக்கக் கல்வியை உள்ளூர் வருவாயால் நடத்த வேண்டும் என்னும் கருத்து தமிழகத்திற்குப் புதியதன்று. 1882ஆம் ஆண்டின் ஹண்டர் கல்விக் குழு தொடக்கப் பள்ளிகளை உள்ளாட்சி வாரியங்களிடம் ஒப்படைக்கப் பரிந்துரைத்தது. 1884ஆம் ஆண்டின் சென்னை உள்ளாட்சி வாரியச் சட்டம் மாவட்ட, வட்ட வாரியங்களுக்கு வடிவம் கொடுத்தது. 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் ஒருபடி மேலே சென்று, உள்ளாட்சி அமைப்புகள் அரசின் ஒப்புதலோடு கல்வி வரி விதிக்கவும், அவ்வாறு திரட்டியதைத் தொடக்கக் கல்விக்கெனத் தனி நிதியாகப் பேணவும் வழிவகுத்தது. ஒரு வட்டாரம் தன் பள்ளிக்குத் தானே வரி செலுத்திக் கணக்குக் கேட்கும் முறைக்குத் தமிழகம் மிக அருகில் சென்ற காலம் அது. எனினும் 1934இல் வட்ட வாரியங்கள் ஒழிக்கப்பட்டன. 1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் தோன்றியபோது மாவட்ட வாரியங்கள் மறைந்து, அவற்றின் தொடக்கப் பள்ளிகள் ஒன்றியங்களின் பொறுப்பாயின. இன்றும் பள்ளிப் பெயர்ப்பலகைகளில் காணப்படும் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்னும் தொடர் அக்காலத்தின் எச்சமாகும்.

ஒன்றியங்களின் கல்வி வருவாய் நிலவரியோடு பிணைந்திருந்தது. நிலவரியின்மேல் விதிக்கப்படும் தலவரி, தலமேல்வரி ஆகியவற்றோடு அரசு மானியங்களும் சேர்ந்தே ஒன்றியத்தின் வரவாயின. காவிரிப் பாசன நன்செய் ஒன்றியம் ஒன்றுக்கு இம்முறை ஓரளவு கைகொடுக்கலாம்; ஆனால் தீர்வை மிகக் குறைவான புன்செய் நிலமும், வரியே விளையாத காப்புக்காடும் நிறைந்த மலை ஒன்றியத்தில் அதே விகித வரி ஈட்டும் தொகை அற்பமானது. கொல்லிமலை போன்ற பகுதியின் கல்வி உள்ளூர் வரியை மட்டும் நம்பியிருந்தால் பள்ளிகள் தோன்றியிருக்கவே மாட்டா. 1981 சூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாக ஏற்கப்பட்டபோது, மலைக்கும் சமவெளிக்கும் ஒரே ஊதியம் என்பது உறுதியாயிற்று. இது பெரிய நன்மை. ஆனால் பள்ளியின் நிலமும் கட்டடமும் ஒன்றியத்திடமே தங்கிவிட்டதால், ஆசிரியருக்கு ஒரு துறையும் கூரைக்கு வேறொரு துறையும் பொறுப்பாகும் பிளவும் அன்றே தொடங்கியது.

இன்றைய நிலையில் மலைப் பள்ளிகளின் நிதி இரு பெருங்கிளைகளாகப் பிரிகிறது. ஒன்றியப் பள்ளிகளுக்கும் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கும் பள்ளிக் கல்வித் துறையின் மானியக் கோரிக்கையிலிருந்து பணம் வருகிறது. மானியக் கோரிக்கை என்பது ஒவ்வொரு துறையும் தன் ஆண்டுச் செலவுக்குச் சட்டமன்றத்தின் ஒப்புதலை வேண்டி முன்வைக்கும் தொகை. பள்ளிக் கல்வித் துறைக்குரியது 43ஆம் எண். 2025-26ஆம் ஆண்டுக்கு இத்துறைக்கு ஒதுக்கப்பட்டது 46,767 கோடி ரூபாய். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கோ ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறையின் 4ஆம் எண் கோரிக்கையே ஊற்று. இப்பள்ளிகளில் மாணவர் தங்கிப் படிப்பதால் ஆசிரியர் ஊதியத்தோடு உணவு, படுக்கை, சமையலர், காவலர் ஆகிய செலவுகளும் சேர்கின்றன. விடுதி மாணவர் ஒருவருக்கான மாத உணவுப்படி 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரே மலையில் அடுத்தடுத்த ஊர்களில் உள்ள இரு பள்ளிகள் வெவ்வேறு துறைகளின்கீழ், வெவ்வேறு அலுவலர்களிடம் கணக்கு ஒப்படைத்து இயங்குவது இதனாலேயே.

நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. ஒவ்வொரு துறையும் அடுத்த ஆண்டுக்கான மதிப்பீட்டை முன்கூட்டியே தொகுக்கும்போது, அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், அவற்றின் ஊதிய விகிதம், படிகள் ஆகியவற்றைக் காட்டும் எண் விவரப் பட்டியல் அடித்தளமாகிறது. ஆண்டின் நடுவில் திருத்திய மதிப்பீடும் இறுதியில் மாற்றியமைத்த ஒதுக்கீடும் தயாராகின்றன. ஒன்றியப் பள்ளி ஆசிரியர்களின் ஊதியப் பட்டியலை வட்டாரக் கல்வி அலுவலர் கருவூலத்தில் அளித்துப் பெற்று வழங்குகிறார். உயர்நிலைப் பள்ளிகளில் இவ்வதிகாரம் தலைமையாசிரியருக்கே உண்டு. தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் தம் பள்ளிக்காக அரசு செய்யும் செலவின் மிகப்பெரும் பகுதியை, அதாவது ஊதியத்தை, கையாள்வதில்லை.

அந்த ஊதியச் செலவின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மாணவர் எண்ணிக்கையே. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையைக் கணக்கிட்டு ஆசிரியர் பணியிடங்களை நிர்ணயிக்கின்றனர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 60 மாணவர் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூவர் என வரையறுத்துள்ளது. எனவே 58 மாணவர் படிக்கும் மலைப்பள்ளியில் இருவர் ஐந்து வகுப்புகளைச் சுமக்கின்றனர். அறுபதுக்குச் சற்று மேல் மாணவர் உள்ள பள்ளியிலோ, சில குடும்பங்கள் பிழைப்புக்காகச் சமவெளிக்கு இறங்கிவிட்டால், இருக்கும் மூன்றாம் ஆசிரியரும் உபரியாகக் கருதப்பட்டுப் பணி நிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்பப்படலாம்.

பள்ளி தானே முடிவெடுத்துச் செலவிடக்கூடிய பணம் ஒன்றே: ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் வழங்கப்படும் பள்ளி மானியம். அனைவருக்கும் கல்வி இயக்கம், இடைநிலைக் கல்வித் திட்டம், ஆசிரியர் கல்வி ஆகியவற்றை 2018-19இல் இணைத்து உருவான இத்திட்டத்தின் செலவை ஒன்றிய அரசும் மாநில அரசும் 60க்கு 40 என்னும் விகிதத்தில் பகிர்கின்றன. மானிய விதிகளின்படி 30 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. 251 முதல் 1,000 வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். பழுதான பொருள்களை மாற்றுதல், கற்பித்தல் துணைக்கருவி, மின்கட்டணம், இணையம், குடிநீர், கட்டடத்தின் சிறு பழுது, கழிப்பறைப் பராமரிப்பு ஆகிய அனைத்தும் இத்தொகைக்குள் அடங்க வேண்டும். அதிலும் பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும்.

இவ்விதி சிறிய பள்ளியை எவ்வாறு பாதிக்கிறது என்பதை எளிய கணக்கு காட்டும். 30 மாணவர் உள்ள பள்ளிக்கு மாதம் ஏறத்தாழ 833 ரூபாய் கிடைக்கிறது. முப்பத்தோராவது குழந்தை ஒன்று சேர்ந்தால் ஆண்டுத் தொகை 15,000 ரூபாய் கூடுகிறது. அக்குழந்தை விலகினால் அதே அளவு குறைகிறது. ஆனால் கூரை ஒழுகுவதும் தண்ணீர்க்குழாய் உடைவதும் தலைக்கணக்கைப் பார்த்து நிகழ்வதில்லை. 30 பேர் படித்தாலும் 90 பேர் படித்தாலும் சுவருக்குச் சுண்ணாம்பு ஒரே அளவுதான் வேண்டும். சிமெண்டும் ஓடும் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலைக்கு வந்து, பின்னர் சாலை முடியும் இடத்திலிருந்து தலைச்சுமையாகவும் போக வேண்டியிருக்கும்போது, சமவெளிப் பள்ளிக்கும் மலைப்பள்ளிக்கும் ஒரே தொகை என்பது சமத்துவம் ஆகாது. மலையில் பணியாற்றும் அரசு ஊழியருக்கு மலைப்படி வழங்கும் அரசு, மலையில் நிற்கும் பள்ளிக் கட்டடத்திற்கு அத்தகைய படி எதையும் வகுக்கவில்லை என்பது இம்முறையின் முதன்மையான குறையாகும்.

காலமும் பள்ளிக்கு இசைவதில்லை. மானியத்தின் அளவு பள்ளித் தகவல் தொகுப்பில் ஏற்கெனவே பதிவான மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு முடிவாகிறது. ஒன்றிய அரசின் திட்ட ஒப்புதல் வாரியம் இசைவளித்து, தவணை மாநிலத்தை அடைந்து, அங்கிருந்து பள்ளிகளுக்குப் பகிரப்படுவதற்குள் கல்வியாண்டின் பல மாதங்கள் கழிகின்றன. மழைக்கு முன் செய்ய வேண்டிய கூரைப் பழுதுக்கான பணம், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின்னும் வரலாம். 2021 முதல் நடைமுறைக்கு வந்த ஒற்றை முனைய முகமைக் கணக்கு முறையில், பள்ளியின் வங்கிக் கணக்கில் பணம் தங்குவதில்லை. அனுமதித்த வரம்புக்குள் பள்ளி செலவிடும்போது மாநில அளவிலான ஒரே கணக்கிலிருந்து தொகை நேரே செல்கிறது. பணம் முடங்கிக் கிடப்பதை இது தடுத்துள்ளது என்றாலும், வங்கிக்கிளையும் இணையத் தொடர்பும் எளிதில் கிட்டாத மலையூர்த் தலைமையாசிரியருக்குச் சிறு கொள்முதல்கூடப் பெரும் அலைச்சலாகிறது. செலவுக்குப் பின் பற்றுச்சீட்டுகளோடு பயன்பாட்டுச் சான்றிதழையும் அவர் ஒப்படைக்க வேண்டும்.

பணமாக அன்றிப் பொருளாக வருவனவும் உண்டு. பாடநூல், சீருடை, புத்தகப்பை, காலணி ஆகியவற்றோடு மலைப்பகுதிக் குழந்தைகளுக்குக் கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு முதலியனவும் தரப்படுகின்றன. 1982 சூலை 1இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் செலவு சமூக நலத் துறையைச் சார்ந்தது. ஊராட்சி ஒன்றிய அளவில் அதனை நடத்துபவர் வட்டார வளர்ச்சி அலுவலர். 2010 முதல் வாரத்தின் ஐந்து பள்ளி நாள்களிலும் முட்டை வழங்கப்படுகிறது. முட்டை உற்பத்திக்குப் பெயர்பெற்ற நாமக்கல் மாவட்டத்தின் மலைப்பள்ளிகளிலும் அதுவே குழந்தைகளின் புரதத்திற்கு முக்கிய வழி. 2022 செப்டம்பர் 15இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. விடியலில் காட்டுவேலைக்குப் போகும் பெற்றோரின் குழந்தைகளுக்கு இவ்வுணவு தரும் பயன், பள்ளியின் எந்த வரவு செலவு ஏட்டிலும் இடம்பெறாத போதும், மானியத்தைவிடப் பெரிது.

புதிய வகுப்பறை, சுற்றுச்சுவர், கழிப்பறை போன்ற மூலதனப் பணிகள் வேறு வழியில் செல்கின்றன. கட்டடம் ஒன்றியத்தின் உடைமையாதலால், ஒன்றியப் பொது நிதி, ஊரக வளர்ச்சித் துறையின் திட்டங்கள், சேந்தமங்கலம் பழங்குடியினர் தனித்தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி, 2022-23இல் அறிவிக்கப்பட்ட பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் பள்ளியின் பெயர் இடம்பெற வேண்டும். இதில் தலைமையாசிரியரின் பங்கு விண்ணப்பம் அளிப்பதோடு முடிகிறது.

மேலிருந்து வரும் பணத்தை முற்றிலும் சார்ந்திருப்பதன் இடர் 2024-25இல் வெளிப்பட்டது. தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிய ஒன்றிய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்திற்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததை முன்னிட்டு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாநிலத்திற்குரிய ஏறத்தாழ 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. மாநில அரசு 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. தேசியக் கல்விக் கொள்கை பற்றிய அரசியல் வேறுபாட்டிற்கும் மலையூர்த் தொடக்கப் பள்ளியின் கரும்பலகைக்கும் நேர்த்தொடர்பு ஏதும் இல்லாவிடினும், அப்பள்ளியின் மானியம் அதே திட்டத்தைச் சார்ந்ததாகும்.

சட்டம் உள்ளூராருக்கும் ஒரு பங்கை அளித்துள்ளது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவை வேண்டுகிறது; 22ஆம் பிரிவு அக்குழு பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் இக்குழுக்கள் 2022இல் பரவலாக மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. மானியச் செலவைப் பார்வையிடுவதும் தேவைகளைத் தீர்மானமாக எழுதி அனுப்புவதும் குழுவின் பணி. வரி விதிக்கவோ பணியிடம் உருவாக்கவோ அதற்கு அதிகாரமில்லை. பழங்குடியினர் பகுதிகளில் கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டின் ஊராட்சி விரிவாக்கச் சட்டம் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தும். தமிழ்நாட்டில் அத்தகைய பகுதி எதுவும் அறிவிக்கப்படாததால், ஒருங்கிணைந்த பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்டப் பகுதியாகக் கொல்லிமலை ஏற்கப்பட்டிருந்தும், குண்டூர் நாட்டின் கிராம சபைக்குத் தன் பள்ளிகள்மீது உள்ள அதிகாரம் சமவெளியின் எந்தக் கிராம சபைக்கும் உள்ள அதே அளவினதே.