எல்லைக்கோட்டில் நற்செய்தி

ஓசூரை அடுத்த ஜூஜூவாடியைக் கடந்தால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. ஆலை வேலைக்காக இவ்வெல்லையைக் கடக்கும் கிறித்தவர்கள் உடன் உழைப்போரிடம் நம்பிக்கையைப் பகிர்வது, அதனை இயேசுவின் கட்டளையாகக் (மத்தேயு 28) கொள்வதால். வழிகள் எளியவை: நோயுற்றோருக்கான வேண்டுதல், வீட்டு செபக்கூட்டம், தம் அனுபவத்தைச் சொல்லும் சாட்சியம்.

அரசமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காதென 1977இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழகத்தின் 2002ஆம் ஆண்டு மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் விலக்கப்பட்டது. கர்நாடகம் 2022இல் அத்தகைய சட்டத்தை இயற்றியது. அதைத் திரும்பப்பெற 2023இல் அமைச்சரவை முடிவெடுத்தது.

அச்சட்டத்தில் மேலான வாழ்வை வாக்களிப்பதும் ஆசைகாட்டலே. சிறார், மனநலம் குன்றியோர், பெண்கள் ஆகியோருடன் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, அவர்களைச் சட்டத்திற்கு மாறாக மதம் மாற்றினால் 3 முதல் 10 ஆண்டுச் சிறை என்கிறது. வயது வந்த தலித் ஒருவர் தாமே சிந்தித்து முடிவெடுக்க இயலாதவரா என்பதே நம் கேள்வி.

ஆசைகாட்டல் என்கிறார்கள், இழப்போ மாறுபவருக்கே. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவரானவர் பட்டியல் சாதித் தகுதியை இழக்கிறார், தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோராகிறார். (கல்லறைத் தோட்டத்தில் சாதிச்சுவர் எழுப்பிய திருச்சபையினரும் இங்குண்டு.) அவ்வாணை சீக்கியருக்காக 1956இலும் பௌத்தருக்காக 1990இலும் திருத்தப்பட்டது.