ஒரே கருவி, வேறு வேறு துடிப்பு

1990ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், நிண்டெண்டோ நிறுவனம் 'சூப்பர் பேமிக்காம்' என்னும் வீடியோ விளையாட்டுக் கருவியை ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் அது 'சூப்பர் நிண்டெண்டோ' என்னும் பெயரில் வெளிவந்தது. ஒரே வரைபடத்தின்படி ஆக்கப்பெற்ற கருவிகள் யாவும் ஒன்றுபோலவே இயங்கும் என்பது பொது நம்பிக்கை. அது முழு உண்மையன்று என்பதற்கு இக்கருவியே சான்று.

இதனுள் இரண்டு துடிப்புகள் உள்ளன. தலைமைச் செயலிக்குத் துடிப்பளிப்பது குவார்ட்ஸ் படிகம். சோனி நிறுவனத்தின் கென் குட்டராகி வடிவமைத்த ஒலிப்பகுதிக்கோ, அதனினும் மலிவான பீங்கான் துண்டே துடிப்பளிக்கிறது. அத்துண்டு நொடிக்கு 24,576,000 முறை அதிர வேண்டும். அவ்வெண்ணை 768ஆல் வகுத்தால், ஒலிப்பகுதி நொடிக்கு 32,000 ஒலிக்கூறுகளை வெளியிடும். இது ஏட்டுக் கணக்கு.

ஆயின், பீங்கான் படிகத்தைப்போல் நிலைத்ததன்று. ஆக்கும்போதே துண்டுக்குத் துண்டு சிறு வேறுபாடு அமைந்துவிடுகிறது. வெப்பமும் வயதும் அதனை மேலும் மாற்ற வல்லவை. பின்னாளில் ஆர்வலர்கள் கருவிகளை அளந்தபோது, 32,000 அன்று, 32,040ஐ ஒட்டிய எண்களே கிடைத்தன.

நாற்பது கூறுகளால் என்ன நேரும்? சுருதி, அரைச்சுர இடைவெளியில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே உயரும். செவி அதனை உணராது. ஆயினும், ஒரு மணி நேர இசை நான்கரை நொடி முன்னதாகவே முடிந்துவிடும். அன்றியும், ஒலிப்பகுதியின் மறுமொழிக்காகத் தலைமைச் செயலி காத்திருக்கும் இடங்கள் உண்டு. பொத்தான் அழுத்தங்களை முன்கூட்டியே பதிவுசெய்து ஊட்டினால், ஒரு கருவியில் பிழையின்றி முடியும் ஆட்டம், மற்றொன்றில் இமைப்பொழுது பிசகித் தடம்புரளக்கூடும்.

பழைய விளையாட்டுகளை இன்றைய கணினிகளில் உயிர்ப்பிப்போர்க்கு இதனால் ஒரு வினா எழுகிறது. எவ்வெண்ணை மெய்யெனக் கொள்வது? வடிவமைத்தோர் கருதியது 32,000. அக்காலச் சிறுவர் தம் வீட்டில் கேட்டது அதனின் வேறான ஏதோ ஓர் எண். இரண்டும் வரலாறே. ஏடுகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர் ஒரு பாடத்தை ஏற்றபின்னும் ஏனைய பாடபேதங்களை அடியில் குறித்துவைப்பார். பொறியின் வரலாற்றை எழுதுவோர்க்கும் அதுவே நெறி. ஏட்டுக் கணக்கை மட்டும் எழுதி, அளந்து கண்டதை விட்டுவிட்டால், அந்த வரலாறு பாதியாகவே நின்றுவிடும்.