லூக்கானிகா: ஓர் ஊன்பண்டப் பெயரின் வரலாறு

1. முன்னுரை

இடப்பெயரின் அடியாகப் பொருட்பெயர் தோன்றுவது பல மொழிகளிலும் காணப்படும் சொல்லாக்க முறையாகும். சீன நாட்டுத் தொடர்பால் அமைந்த 'சீனி' என்னும் சொல் தமிழில் சர்க்கரையையே உணர்த்துகிறது. அதனை வழங்குவோர் சீனத்தை எண்ணுவதில்லை. தமிழ் இலக்கணம் கூறும் இடவாகுபெயரோடு ஒருபுடை ஒத்த இம்முறையில் தோன்றி, ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவரும் சொல் 'லூக்கானிகா' என்பதாகும். கொத்திய இறைச்சியை உப்பும் நறுஞ்சரக்கும் சேர்த்துக் குடலில் அடைத்து, புகையிலிட்டுப் பதப்படுத்தும் பண்டத்தின் இலத்தீன் பெயர் இது. இதன் தோற்றத்தையும் பரவலையும் பொருள் மாற்றத்தையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல்லின் தோற்றம்

கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த வார்ரோ, இலத்தீன் மொழி பற்றிய தம் நூலின் ஐந்தாம் பகுதியில் இச்சொல்லுக்கு விளக்கம் தருகிறார். லூக்கானியரிடமிருந்து உரோமப் படைவீரர் இப்பண்டத்தைக் கற்றுக்கொண்டமையால் இப்பெயர் வந்தது என்பது அவர் கருத்து. இதனையடுத்து, ஃபலேரி நகரின் பெயரால் அமைந்த மற்றோர் ஊன்பண்டத்தையும் அவர் சுட்டுகிறார். வார்ரோவின் சொற்பிறப்பு விளக்கங்கள் பல இன்று ஏற்கப்படுவதில்லை. ஆயினும் இவ்விளக்கத்துக்குச் சொல்லின் வடிவமே சான்றாகிறது. 'லூக்கானியருக்கு உரியது' எனப் பொருள்படும் பெயரடையே இங்குத் தனிப்பெயராய் நிற்கிறது.

தென் இத்தாலியில் வாழ்ந்த லூக்கானியர் ஆஸ்கன் மொழி பேசியவர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அவர்கள் உரோமின் ஆதிக்கத்துக்கு உட்பட்டனர், கி.மு. 91இல் மூண்ட கூட்டாளிகள் போரில் உரோமுக்கு எதிராக நின்றனர். பின்னர் அவர்களுடைய மொழி வழக்கொழிந்தது. கிரேக்க எழுத்திற் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் சிலவே அதற்குச் சான்றாக எஞ்சின. ஆனால் வென்றவர் மொழியில் இடம்பெற்ற உணவுப்பெயர், தோற்றவர் பெயரை இன்றளவும் சுமந்து வருகிறது.

3. இடப்பொருள் மங்குதல்

கி.மு. 46இல் எழுதிய கடிதமொன்றில் சிசரோ தம் நண்பரின் விருந்தில் இடம்பெறும் ஒலிவக் காய்களோடு இப்பண்டத்தையும் குறிப்பிடுகிறார். முதல் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மார்ஷியல் எழுதிய குறும்பா, லூக்கானிகாவைப் பிக்கேனம் நாட்டுப் பன்றியின் மகளாகக் கூறுகிறது. பிக்கேனமோ லூக்கானியாவினின்று வேறுபட்ட பகுதி. எனவே இடத்தைச் சுட்டிய சொல் அதற்குள் செய்முறையைச் சுட்டும் சொல்லாகிவிட்டது எனலாம். கி.பி. 301இல் டயோக்லீசியன் பிறப்பித்த விலையாணை பன்றி லூக்கானிகா, மாட்டு லூக்கானிகா என இரண்டைப் பிரித்துரைப்பது இதனை மேலும் வலியுறுத்தும்.

அப்பீசியஸ் பெயரால் வழங்கும் சமையல் நூல் மிளகு, சீரகம் முதலியவற்றை அரைத்துச் சேர்த்தலையும், முழுமிளகும் மிகுந்த கொழுப்பும் கலந்து குடலில் அடைத்துப் புகையில் தொங்கவிடுதலையும் கூறுகிறது. அக்கால உரோமுக்கு மிளகு சென்றது பெரிதும் சேர நாட்டுக் கடற்கரையிலிருந்தே. அம்மிளகைச் சங்க இலக்கியம் 'கறி' என்கிறது. அச்சொல் இன்று பேச்சுவழக்கில் இறைச்சியைக் குறிப்பது, உணவுப்பெயர்கள் பொருள் பெயர்வதற்குத் தமிழே தரும் சான்றாகும்.

4. கிளைமொழிகளில் வடிவங்கள்

வட இத்தாலிய வழக்குகளில் உயிரிடை வல்லொலிகள் மென்மையுற்று 'லுகானெகா' என்றாயிற்று. கிரேக்கத்தில் 'லுகானிகோ', பாஸ்க்கில் 'லுகைன்கா', பல்கேரியத்தில் 'லுகாங்கா' என்னும் வடிவங்கள் உள்ளன. அரபியில் 'லகானிக்' என்பதன் முதலொலி, பின்வரும் னகரத்தின் சார்பால் திரிந்து 'நகானிக்' என்றும் வழங்குகிறது.

இஸ்பானிய 'லொங்கானிசா' தனித்து நோக்கத்தக்கது. இதில் 'நீளம்' என்னும் பொருளுடைய சொல்லின் சாயல் படிந்து முதலசையை மாற்றியுள்ளது. மூலம் மறந்தபோது மக்கள் தமக்குத் தெரிந்த பொருளைச் சொல்லில் ஏற்றினர். இஸ்பானியர் வழியாகப் பிலிப்பைன்ஸ் சென்ற இச்சொல், அங்கு 'லொங்கனீசா' என வழங்கி, பெரும்பாலும் குறுகிய துண்டுகளைக் குறிக்கிறது. குடலுறை இல்லாத வகைக்கும் அதுவே பெயர். ஆக, லூக்கானியாவும் இல்லை, நீளமும் இல்லை, குடலும் இல்லை, பெயர் மட்டும் நின்றது.

5. மொழிபெயர்ப்பு நோக்கு

இச்சொற்கள் ஒரே மூலத்தின. ஆயினும் ஒரே பொருளின அல்ல. பல்கேரிய லுகாங்கா தட்டையாக அழுத்தி உலர்த்தப்படுவது. லெபனான் முதலிய நாடுகளின் நகானிக் ஆட்டிறைச்சியாலோ மாட்டிறைச்சியாலோ செய்யப்பட்டு, சமைத்து உண்ணப்படுவது. இவை அனைத்தையும் 'சாசேஜ்' என்னும் ஒரு சொல்லால் பெயர்ப்பின் சமய, வட்டார வேறுபாடுகள் மறைந்துவிடும். பன்றியிறைச்சியை விலக்கும் சமூகத்தார் உண்ணும் பண்டம் தமிழில் பன்றியிறைச்சிப் பண்டமாகத் தோன்றும் பிழையும் நேரலாம். ஆதலின் தற்கால நூல்களில் அவ்வம்மொழி வடிவத்தை ஒலிபெயர்த்து, முதல் வருகையில் இறைச்சி வகையையும் பதப்படுத்தும் முறையையும் சுருங்கக் கூறுதல் தகும். வார்ரோவை மொழிபெயர்க்குமிடத்து மட்டும் 'லூக்கானிய' என்னும் அடை வெளிப்பட நிற்றல் வேண்டும். அஃதின்றேல் அவர் கூறும் காரணம் புலப்படாது.

6. முடிவுரை

லூக்கானியப் பகுதியின் பெரும்பாகம் இன்று பசிலிக்காத்தா எனப்படுகிறது. 1932 முதல் 1947 வரை அம்மாநிலத்துக்கு லூக்கானியா என்னும் பழம்பெயர் அரசாணையால் மீண்டும் வழங்கியது, பின்னர் நீங்கியது. ஆணையால் நிலைக்காத பெயர், உணவின் வழியே பல மொழிகளில் நிலைத்துள்ளது. மக்கள் வழக்கே சொல்லின் உயிர் என்பதற்கு இதுவும் ஒரு சான்றாகும்.