கண்டியில் பற்றிய தீ, வெலிக்கடையில் விழுந்த சூடு

கொழும்பு ஹென்றி பேதிரிஸ் மைதானத்தில் மேட்ச் பார்க்கப் போகிற எத்தனை பேருக்கு அந்தப் பேர் யாருடையது என்று தெரியும்? அவர் கொழும்பில் செத்தாலும், அந்தச் சாவுக்கான காரணம் எங்கட கண்டிப் பக்கத்தில்தான் தொடங்கியது.

கம்பளையில் ஒரு வழக்கு. தேவாலயப் பெரஹெரா பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் அடிக்கலாமா? 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் 'அடிக்கலாம்' என்றது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. போர்க்கால விலையேற்றத்தால் முஸ்லிம் கடைக்காரர்கள்மேல் ஏற்கெனவே கோபம் இருந்தது. மே 28, வெசாக் இரவில், கண்டி காசில் ஹில் வீதிப் பள்ளிவாசலடியில் மோதல் வெடித்தது. சில நாளில் கலவரம் கொழும்புக்கும் வந்தது. அரசாங்கக் கணக்குப்படி முஸ்லிம்கள் 25 பேர் கொல்லப்பட்டார்கள். 4,000க்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன.

பேதிரிஸுக்கு அப்போது 26 வயது. காலியில் பிறந்த வசதியான வீட்டுப் பிள்ளை. முதலாம் உலகப் போர் தொடங்கியதும் கொழும்பு நகரக் காவற்படையில் சேர்ந்து, ஒரு வருஷத்துக்குள்ளேயே கப்டன் ஆனவர். இராணுவச் சட்டம் வந்தது. கலவரக் கூட்டத்தைத் தூண்டினார், தேசத்துரோகி என்று அவர்மேல் குற்றம் சாட்டினார்கள். இராணுவ நீதிமன்றம் அவசர அவசரமாக விசாரித்தது. மேன்முறையீடு இல்லை. ஜூலை 7ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

இந்த அநியாயத்தைக் கேட்கப் போர்க்காலக் கடலில் லண்டனுக்குக் கப்பலேறியவர் ஒரு தமிழர், பொன்னம்பலம் இராமநாதன். சிங்கள மக்கள் அவரைக் கொண்டாடினார்கள். ஆனா முஸ்லிம்களுக்கு அது ஆறாத காயமானது. அடி வாங்கியது நாங்கள், இவர் யாருக்காக வாதாடுகிறார் என்ற கேள்வி அவர்களிடம் இருந்தது.

அந்தக் கேள்வியை நாங்களும் கேட்க வேண்டும். பேதிரிஸுக்கு நடந்தது நீதியில்லை. அதற்காக மைதானத்துக்கு அவர் பேர் வைத்தது சரிதான். ஆனா கொல்லப்பட்ட அந்த 25 பேரில் ஒருவருடைய பேராவது எங்களுக்குத் தெரியுமா? மாவீரனை மட்டும் ஞாபகம் வைத்தால், எரிந்த கடைகள் வெறும் பின்னணியாகிப் போகும். 2018 மார்ச்சில் திகனயில் திரும்பவும் பள்ளிவாசலும் கடைகளும் எரிந்ததைப் பார்த்த தலைமுறை நாங்கள். 1915ஐ முழுசாகப் படிக்கிற கடமை எங்களுக்கு இருக்கிறது.