எபிரேயர் திருமுகத்தின் எச்சரிக்கைப் பகுதிகள்

எபிரேயர் திருமுகத்தின் எச்சரிக்கைப் பகுதிகள் என்பவை, புதிய ஏற்பாட்டு நூலாகிய எபிரேயர் திருமுகத்தில் நம்பிக்கையின்மை குறித்தும் நம்பிக்கையை விட்டு விலகுதல் குறித்தும் அமைந்துள்ள ஐந்து அறிவுரைப் பகுதிகள் ஆகும். இவை 2, 3-4, 5-6, 10, 12 ஆகிய அதிகாரங்களில் இடம்பெறுகின்றன. சீர்திருத்தத் திருச்சபையினரிடையே வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இந்நிலையை "அவிசுவாசம்" என்கிறது. 1995-இல் வெளியான திருவிவிலியம், "விசுவாசம்" என்பதற்குப் பதிலாக "நம்பிக்கை" என்ற சொல்லைக் கையாளுகிறது.

== பின்னணி ==
இத்திருமுகம் கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. மரபுப்படி இது பவுலுக்கு உரியதாகக் கருதப்பட்டது. எனினும் பவுல் இதன் ஆசிரியர் அல்லர் என்பதே இன்றைய அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. இதன் முதல் வாசகர்கள் இகழ்ச்சியையும் உடைமை இழப்பையும் சந்தித்தவர்கள். சிறையில் இருந்தோருக்குத் துணைநின்றவர்கள் (10:32-34). அவர்களது சோர்வே எச்சரிக்கைக்குக் காரணமாயிற்று.

== உள்ளடக்கம் ==
3:7-4:13 பகுதி, திருப்பாடல் 95-ஐ அடிப்படையாகக் கொண்டது. எகிப்திலிருந்து விடுதலை பெற்ற இசுரயேலர், கானான் நாட்டை உளவு பார்த்துத் திரும்பிய 12 பேருள் பெரும்பான்மையோரின் சொல்லைக் கேட்டு அஞ்சினர். காலேபும் யோசுவாவும் மட்டுமே துணிவூட்டினர். நம்பாத அத்தலைமுறை 40 ஆண்டுகள் பாலைநிலத்தில் அலைந்து மடிந்தது (எண்ணிக்கை 13-14).

இவ்வெச்சரிக்கை பிற சமயத்தாரை நோக்கியதன்று. ஏற்கெனவே நம்பிக்கை கொண்டோரை நோக்கியது என்பது குறிப்பிடத்தக்கது. விலகுதல் திடீரென நிகழ்வதன்று, உள்ளம் சிறிது சிறிதாகக் கடினப்படுவதால் நேர்வது என ஆசிரியர் காட்டுகிறார். நாள்தோறும் ஒருவருக்கொருவர் ஊக்கமூட்டுவதே அதைத் தடுக்கும் வழி என்கிறார் (3:13).

== விளக்க வேறுபாடுகள் ==
விலகியோரை மீண்டும் மனம் மாறச் செய்ய இயலாது எனக் கூறும் 6:4-6 பகுதி நீண்ட விவாதத்துக்கு உள்ளானது. கி.பி. 250-இல் உரோமைப் பேரரசர் தேசியுசு, குடிமக்கள் அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட ஆணையிட்டபோது கிறித்தவர் பலர் பணிந்தனர். அவர்களைத் திரும்பச் சேர்க்கலாகாது என்றார் நொவாசியன். கார்த்தேசு ஆயர் சிப்பிரியானோ, தவமுயற்சிக்குப்பின் சேர்க்கலாம் என்றார். திருச்சபை இதனையே ஏற்றது.

பிற்காலத்தில், உண்மையான நம்பிக்கையாளர் இறுதிவரை நிலைத்திருப்பர் எனக் கால்வினிய மரபும், விலகிப்போதல் இயலக்கூடியதே என யோவான் வெசுலியும் கற்பித்தனர்.

== தமிழகத்தில் நிலைத்திருத்தல் ==
இத்திருமுகத்தின் வாசகர் சந்தித்தது போன்ற நெருக்கடிக்குத் தமிழகத்தில் எடுத்துக்காட்டாக அமைவது, நட்டாலத்தில் 1712-இல் பிறந்த தேவசகாயம் பிள்ளையின் வாழ்வு. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான அவர் 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1749-இல் சிறைப்படுத்தப்பட்டு, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். பழைய சமயத்துக்குத் திரும்புமாறு வற்புறுத்தப்பட்டும் அவர் இணங்கவில்லை என்பது கத்தோலிக்க மரபு. 2022 மே 15 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.