ஆய்வகக் காற்றுத் தரக் கண்காணிப்பு

பல்கலைக்கழக ஆய்வகங்களின் உட்காற்றில் கலக்கும் ஆவி, வாயு, தூசி ஆகியவற்றின் அளவையும் ஆக்சிஜனின் விகிதத்தையும் கருவிகளால் தொடர்ந்து அளந்து வருவது. மூக்கை நம்ப முடியாது என்பதே இதற்கு அடிப்படை. ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் உடையது. ஆனால் செறிவு கூடும்போது நுகர்வுணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை.

திரவ நைட்ரஜன் தனிக் கவனத்துக்கு உரியது. நச்சல்ல என்பதாலேயே அதை அசட்டையாகக் கையாளும் பழக்கம் உண்டு. ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகும். சிறிய, மூடிய அறையில் அது ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். மூச்சுத் திணறல் தோன்றாமலேயே ஆள் மயங்கி விழக்கூடும். இயல்பான காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு, அது 19.5க்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை ஒலிக்கும்படி உணரிகள் அமைக்கப்படுகின்றன. விழுந்தவரைக் காப்பாற்ற ஓடுபவரும் விழ நேரும் என்பதால், அளவு காட்டும் திரை அறைக்கு வெளியிலும் இருந்தாக வேண்டும்.

உடற்கூறியல் கூடங்களில், சடலங்களைப் பதப்படுத்தும் ஃபார்மால்டிஹைடு அளக்கப்படுகிறது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி 8 மணி நேரச் சராசரிக்குப் பத்து லட்சத்தில் 0.75 பங்கை வரம்பாக வைத்துள்ளது. கரைப்பான் ஆவிகளுக்கு ஒளி அயனியாக்க உணரிகள் பயன்படுகின்றன. எந்தச் சேர்மம் என்பதை அவை பிரித்துக் காட்டுவதில்லை.

நச்சாவியை வெளியேற்றும் பியூம் ஹூட்டின் முகப்பில் காற்று வினாடிக்குச் சுமார் 0.5 மீட்டர் வேகத்தில் உள்ளிழுக்கப்பட வேண்டும். அதன் கண்ணாடிக் கதவை முழுக்கத் தூக்கியே வைத்திருந்தால் இந்த வேகம் குறைந்து, ஆவி வேலை செய்பவரின் முகத்துக்கே திரும்பிவிடும்.